சுந்தரவல்லி வைக்காத போன்

“அச்!”

கூடத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

வாணலியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த சுந்தரவல்லியின் கை அப்படியே நின்றது. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு நஸ்ருன்னிசா, துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடியே நிமிர்ந்தாள்.

“இன்னா வல்லி, உள்ள யாரு கீறாங்க?”

“யாரு இருக்கா? மகேஷ் அப்பவே கடைக்குப் போயிட்டான். கதவைத் தாப்பாள் போட்டதே நீதானட்டி.”

அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் மெல்ல எட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் ஒருவரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சோபாவின் மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள். மூலையில் மண்பானை, அதன் மூடிமேல் கவிழ்த்து வைத்த சுந்தரவல்லியின் செல்போன். ஒரு வாரமாக அது அடுப்புக் கல்லாய்ச் சுடுகிறது என்று, குளிர்ச்சிக்காக அங்கே வைத்திருந்தாள்.

“மொளகா நெடி உன் போனுக்கே ஏறிடுச்சி போல. அதான் தும்முது!” என்றாள் நஸ்ருன்னிசா.

சுந்தரவல்லி சிரித்தாள். அவள் சிரித்தால் தோள், வயிறு, காதுத் தொங்கட்டான் எல்லாமே சேர்ந்து சிரிக்கும். சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். கையில் எடுத்த மறுநொடி அது கண்ணை மூடிக்கொண்டது. காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போன், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செத்துப்போயிற்று. இன்றைக்கும்.

“பாத்தியா? இந்த அப்டேட்டுன்னு ஒண்ணு வந்ததுல இருந்து இதே பாடுதான்.”

அந்தத் தும்மல் போனிலிருந்து வந்ததுதான் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் உள்ள சந்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்த வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது சுந்தரவல்லிக்கு இருபத்திரண்டு வயது. கீழ்த்தெருவில் அவள் கணவர் மாணிக்கவாசகத்துக்கு ஒரு சிறிய மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, ஃபால்ஸ், லைனிங் எல்லாம் கிடைக்கும். கடை சின்னது, குடும்பம் பெரியது. மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார், ஊரிலிருந்து துணி எடுக்க வருகிற சொந்தக்காரர்கள். தீபாவளி மாதம் வந்தால் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

அத்தனை பேருக்கும் அவள் தோசை வார்த்தாள். யார் எந்தச் சட்னி தொடுவார், யாருக்கு எண்ணெய் ஆகாது என்பதெல்லாம் அவள் விரல்களுக்கே தெரியும். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேட்க வேண்டும் என்றே தோன்றாத நல்லவர்கள். கடைத்தெருவுக்குப் போகவும் மாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். “போயிட்டு வா” என்று அந்த அம்மாள் சொல்வதற்கு முன்னால் விடுகிற ஒரு நொடி மௌனம் இருக்கிறதே, அந்த ஒரு நொடியில் சுந்தரவல்லி எத்தனை முறை செத்துப் பிழைத்தாளோ!

காலம் ஓடியது. பெரியவர்கள் போனார்கள். கொழுந்தன்மார் தனித்தனியே வீடு பார்த்துக்கொண்டார்கள். மாணிக்கவாசகமும் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் மகேஷ் கடைப்பொறுப்பை ஏற்றுப் பகலெல்லாம் அங்கேயே இருக்க, அழுது முடித்த சுந்தரவல்லியின் முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காலி வீடு நின்றது. அதில் அவள் மெல்ல மெல்லக் கால் நீட்டினாள். வாய்விட்டுப் பாடினாள். ஜன்னலில் வரும் காக்கையோடு சண்டை போட்டாள். நஸ்ருன்னிசாவோடு சேர்ந்து ஸ்கூட்டர் ஓட்டப் பழகி, பனகல் பூங்கா ஓரமாக ஒரு இளநீர் வண்டியில் மோதி, கடைக்காரரிடமே ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

இப்போது மகேஷுக்குக் கல்யாணம். ஆவணியில் முகூர்த்தம்.

பெண் சரண்யா, நந்தனத்தில் அப்பாவோடும் அண்ணனோடும் இருக்கிறாள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். கிண்டியில் வேலை. நிச்சயமான நாளிலிருந்து தினமும் காலையில் சுந்தரவல்லிக்குப் போன் செய்துவிடுவாள். கைவேலை நிற்காமல் இருக்க, சுந்தரவல்லி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். “அத்தை, சாப்பிட்டீங்களா?” என்று அந்தக் குரல் கேட்டாலே சுந்தரவல்லிக்கு வயிறு நிறைந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் ஒரு பழக்கம். பெரியவர்கள் வைப்பதற்கு முன்னால் அவள் போனை வைக்கமாட்டாள். அப்படி வளர்த்திருந்தார் அவள் அப்பா. சுந்தரவல்லி அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தாள். “நாம வைக்கிற வரைக்கும் காத்துக்கிட்டே இருப்பா. என்ன மரியாதை பாரு!”

பெருமைப்பட்ட அந்த மரியாதையே தன் காலைச் சுற்றிய பாம்பாகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை, போனின் திரையில் ஏதோ வந்து நின்றது. புதிய பதிப்பு தயார், இப்போது நிறுவவா என்று கேட்டது. சீரியல் பார்க்கிற அவசரத்தில் சரி என்று ஒரு அமுக்கு அமுக்கினாள். அமுக்கிய பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தாள். ராகுகாலம்!

மறுநாளே சனி பிடித்தது. இராத்திரி வரை தாங்குகிற பேட்டரி மத்தியானமே வறண்டது. காலை வணக்கப் பூப்படங்களை எல்லாம் அழித்துப் பார்த்தாள். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். நஸ்ருன்னிசாவின் தம்பி அமீன் தன் செல்போன் கடைக்குக் கொண்டுபோய்ப் புது பேட்டரியே மாற்றிக் கொடுத்தான். புது பேட்டரியும் அதே வேகத்தில் செத்தது. “அக்கா, பேட்டரி மேல தப்பு இல்ல. உள்ள இன்னாமோ ஓடிக்கினே கீது” என்று கையை விரித்துவிட்டான்.

உள்ளே என்ன ஓடியது என்பது, தும்மல் கேட்ட அன்று மதியம் மகேஷ் சாப்பிட வந்தபோது தெரிந்தது.

சார்ஜ் ஏறிய போனைச் சாம்பார்க் கையோடு தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

“அம்மா, இன்னைக்கு சரண்யாகிட்ட எவ்வளவு நேரம் பேசுன?”

“எப்பவும் போலத்தான். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.”

“இதுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல காட்டுது. நேத்து மூணு மணி நேரம்.” அவன் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. “ஈரக் கையோட செவப்பு பட்டனைத் தேடுத சிரமம் வேண்டாம்னு, போன் ஓரத்துல இருக்கிற பட்டனை அமுக்கினாலே கால் கட் ஆகிற மாதிரி நான் வச்சுக் கொடுத்திருந்தேன்ல? அப்டேட்ல அது பழையபடி மாறிட்டு. இப்போ அந்தப் பட்டனை அமுக்கினா வெளிச்சம்தான் அணையும். கால் ஓடிக்கிட்டே இருக்கும். அதான் பேட்டரி காலி!”

“அவ வச்சிருப்பாள்ல?”

கேட்ட வாய் மூடவில்லை. வைக்கமாட்டாள். பெரியவர்கள் வைக்கிற வரைக்கும் அவள் வைக்கவே மாட்டாள்!

சுந்தரவல்லியின் கையிலிருந்த மோர்க் கரண்டி கீழே விழுந்தது. தும்மியது போன் இல்லை. சரண்யா. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயோ, காலையில் பேசிய பேச்சு!

இன்று காலை அந்தப் பெண்ணிடம் தேன் ஒழுகச் சொல்லியிருந்தாள். “இது உன் வீடும்மா. பெரிய ரூமை ஒழிச்சு வச்சிட்டேன். நீங்க எங்கயும் போகக்கூடாது, என் கூடவேதான் இருக்கணும்.” சொல்லிவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டு, அடுப்படிக்குப் போனவள் நஸ்ருன்னிசாவிடம் சொன்னது வேறு.

“எனக்கு அவ இந்த வீட்ல வந்து இருக்கவே வேண்டாம்ட்டி. தனியா எங்கயாவது வீடு பாத்துப் போகட்டும். ஒருநாளாவது ராத்திரி அடுப்பைப் பத்தவைக்காம, ரெண்டு வாழைப்பழத்தைத் தின்னுட்டு, கூடத்துல மல்லாந்து படுக்கணும்னு ஆசையா இருக்கு. என்னைக்காவது படுத்திருக்கேனா?”

அதற்குப் பிறகுதான் அந்தத் தும்மல்.

“உன் கல்யாணத்தை நானே கெடுத்துட்டேன்டா மகேஷ்!” என்று சுவரோடு சாய்ந்துவிட்டாள் சுந்தரவல்லி. நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். மகேஷின் முகம், அவன் கடையில் அலமாரிக்கு மேல் கிடக்கிற வெள்ளை லைனிங் துணியின் நிறத்துக்கு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அப்போது போனில் ஒரு செய்தி வந்தது.

‘அத்தை, சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வரேன். நேர்ல பேசணும். சரண்யா.’

அன்றைய மத்தியானம் ஒரு யுகமாக நகர்ந்தது. நிச்சயதார்த்தப் புடவையைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள் சுந்தரவல்லி. அந்த மயில்கழுத்து நிறப் புடவைக்கு மகேஷ் எத்தனை துணியை வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து ரவிக்கை எடுத்தான்!

“அவளை வேண்டாம்னு நான் சொன்னேனா நஸ்ரு? நான் சொல்ல வந்ததே வேற. அந்தப் பாழாப்போன போன் பாதியில செத்துட்டே!”

“அழுவாத. வரட்டும். நானும் கூட கீறேன். அந்தப் பொண்ணு கத்திச்சின்னா, நான்தான் உன்னைப் பேச வெச்சேன்னு சொல்லிடறேன்.”

“நீ ஒண்ணுமே பேசலையேட்டி. பூண்டுதான உரிச்ச?”

“அது அவளுக்கு எப்படித் தெரியும்?”

வெளியே கடைகளில் விளக்கெரியத் தொடங்கிய வேளையில் அழைப்பு மணி அடித்தது. மகேஷ் அன்று கடையை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். அவன்தான் கதவைத் திறந்தான்.

சரண்யா உள்ளே வந்தாள். தோளில் பை. கையில் ஒரு காகிதப் பொட்டலம். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து காலைத் தொட்டாள். பொட்டலத்தைச் சுந்தரவல்லியின் கையில் வைத்தாள்.

புடவை இவ்வளவு கனம் இருக்காதே என்று நினைத்தபடியே பிரித்தாள் சுந்தரவல்லி.

ஒரு சீப்பு வாழைப்பழம்!

மஞ்சளாய், கொழுகொழுவென்று, நன்றாய்ப் பழுத்த வாழைப்பழம்.

நஸ்ருன்னிசாதான் முதலில் ‘களுக்’கென்று சிரித்தாள். சுந்தரவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாத்தையும் கேட்டுட்டியா தாயீ?”

“மன்னிச்சிடுங்க அத்தை. கேட்டிருக்கக் கூடாது.” சரண்யா தோள்பையைக் கீழே வைத்தாள். “போன புதன்கிழமை, நீங்க வைப்பீங்கன்னுதான் காத்துட்டிருந்தேன். வைக்கவே இல்ல. கூப்பிட்டுப் பாத்தேன், உங்களுக்குக் கேக்கல. அப்போ நீங்க காக்காவைத் திட்டிட்டிருந்தீங்க. ‘நேத்து வடை போட்டேன்ல, இன்னைக்கும் வடையா கேக்குத, ஒனக்கு என்ன கல்யாண வீடா?’ன்னு. மெட்ரோல நின்னுட்டு நான் சத்தமா சிரிச்சிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.”

“அட பாவமே!”

“எங்க வீட்ல காலைல சத்தமே கிடையாது அத்தை. அப்பா பேப்பர் படிப்பாங்க. அண்ணன் போன் பாப்பான். மிக்ஸி ஓடும், நிக்கும். ஒரு அம்மா இருக்கிற வீடு காலைல எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது. அதனால மியூட் போட்டுட்டு, காதுல மாட்டிட்டு, வேலை பாத்துக்கிட்டே கேட்டேன். குக்கர் விசில், உங்க பாட்டு, நஸ்ரு ஆன்ட்டி சண்டை... உங்க போன் உயிர் போனப்புறம்தான் கட் ஆகும். முதல் நாள் நான் வைக்காதது மரியாதைக்கு. ரெண்டாவது நாள்லேர்ந்து ஆசைக்கு.”

சுந்தரவல்லியின் கண்கள் நிறைந்தன. ஒரு வாரமாக அவள் சபித்த பேட்டரி எங்கே கரைந்தது என்று இப்போது தெரிந்தது. தாயில்லாப் பெண் ஒருத்தியின் காதுக்குள் அல்லவா அது கரைந்திருக்கிறது!

“இன்னைக்கு வீட்லேர்ந்து வேலை. மியூட் போட மறந்துட்டேன். நீங்க மொளகா வறுக்கிற சத்தம் கேட்டதுமே எனக்கு இங்க மூக்கு அரிச்சிடுச்சு.”

“நான் சொல்லலை? நெடி போன் வழியா போயிருக்கு!” என்றாள் நஸ்ருன்னிசா.

சுந்தரவல்லி மட்டும் சிரிக்கவில்லை. சரண்யாவின் கையைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்தாள்.

“நீ கேட்டது பாதிம்மா. மீதியைக் கேளு. போன் செத்தப்புறம் நஸ்ருகிட்ட சொன்னதை இப்ப உன்கிட்ட சொல்லுதேன். உன்னைப் பிடிக்காம வேண்டாம்னு சொல்லல. எனக்கு என்னைய நினைச்சுத்தான் பயம். என் மாமியார் நல்லவங்கதான். ஆனா அவங்க முகத்தைப் பாத்துப் பாத்தே எனக்கு ஆயுசு போயிட்டு. நாளைக்கு நீ இந்த வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு, ‘அத்தை போயிட்டு வரட்டுமா’ன்னு என் முகத்தைப் பாப்ப. நான் ஒரு நிமிஷம் பேசாம நின்னுட்டேன்னா? அந்த வேஷம் எனக்கு வேண்டாம் தாயீ. நானும் இப்பதான் காலை நீட்டுதேன். நீயும் நீட்டு.”

பேசி முடித்துவிட்டுத் தலை குனிந்தாள்.

சரண்யா மகேஷைப் பார்த்தாள். மகேஷ் மண்பானையைப் பார்த்தான்.

“சொல்லுங்க” என்றாள் சரண்யா.

“என்னத்த?”

“சொல்லப் போறீங்களா, நான் சொல்லட்டுமா?”

மகேஷ் தொண்டையைச் செருமினான். “அம்மா... அடையாறுல டிப்போ பக்கம் ஒரு வீடு பாத்தோம். ரெண்டு ரூம். போன மாசமே பாத்துட்டோம். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தது. நீ தினமும் காலைல இங்கயேதான் இருக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியா, எப்படிச் சொல்லன்னு...”

“அடப்பாவி! போன மாசமா?”

“இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார் அத்தை. உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னு வேண்டாம்னு சொல்ல இருந்தோம். காலைல நீங்க பேசினதைக் கேட்டதும் என் மனசுலேர்ந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்துச்சு. அதை நேர்ல சொல்லத்தான் வந்தேன்.”

சுந்தரவல்லி ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மாதமாக இவர்கள் அவளுக்காக ஆசையை விழுங்கியிருக்கிறார்கள். அவள் இவர்களுக்காக ஆசையை விழுங்கியிருக்கிறாள். ராகுகாலத்தில் அமுக்கிய அப்டேட் மட்டும் வராமல் இருந்திருந்தால், மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பார்களே!

முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் தொங்கட்டான். சுந்தரவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

“ஏலே, அந்த வீட்டுக்காரருக்கு இப்பவே போன் போடு. போட்டுப் பேசிட்டு மறக்காம வை!”

மகேஷ் பால்கனிக்கு ஓடினான். நஸ்ருன்னிசா சீப்பிலிருந்து ஒரு பழத்தை உரித்துப் பாதியைச் சரண்யாவின் வாயில் திணித்தாள்.

“ஆனா ஒண்ணு அத்தை” என்றாள் சரண்யா, பழத்தை விழுங்கிக்கொண்டே. “எனக்கு அந்தச் சத்தம் வேணும். தனியா இருந்தாலும் காலைல கொஞ்ச நேரம் வைக்காம இருங்க. சொல்லிட்டே கேக்கிறேன். ஒளிஞ்சு கேக்கமாட்டேன்.”

சுந்தரவல்லி அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினாள். “காலைல நீ ஆபீஸ் போய்ச் சேருத வரைக்கும் வைக்கமாட்டேன். சார்ஜர்ல சொருகிட்டே பேசுதேன். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் நஸ்ரு கூட ஸ்கூட்டர்ல இருப்பேன். அப்பக் கூப்பிடாத. போன் அடிச்சா வண்டி ஆடுது.”

கொஞ்ச நேரத்தில் சரண்யா எழுந்தாள். அப்பா காத்துக்கொண்டிருப்பார். மகேஷ் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, வண்டியை எடுக்கக் கீழே இறங்கினான். சுந்தரவல்லி குங்குமம் வைத்துவிட்டு வாசல் வரை வந்தாள்.

“போயிட்டு வரேன் அத்தை.”

“போயிட்டு வா” என்றாள் சுந்தரவல்லி. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொன்னாள்.

சரண்யா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கவில்லை. நின்றாள். வந்தவர் படியிறங்கி மறைகிற வரை கதவைச் சாத்தக் கூடாது என்பது சுந்தரவல்லியின் வழக்கம். அவளும் நின்றாள்.

“நீங்க சாத்துங்க அத்தை. நான் போறேன்.”

“நீ இறங்கு தாயீ. நான் சாத்துதேன்.”

“பெரியவங்க நீங்க முதல்ல...”

“விருந்தாளி போகுதப்போ மூஞ்சியில கதவைச் சாத்துவாங்களா?”

கீழே மகேஷ் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். இருவரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி, ஒருத்தி படியோரம், ஒருத்தி கதவோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

“யாராவது ஒருத்தர் முடிங்கம்மா! போன்லதான் ரெண்டு பேரும் வெக்கமாட்டீங்க, இப்போ கதவுமா? கொசு வந்துக்கினு கீது!” என்று உள்ளேயிருந்து எழுந்து வந்த நஸ்ருன்னிசா, சுந்தரவல்லியின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சரண்யா சிரித்துக்கொண்டே தடதடவென்று படியிறங்கினாள்.

நஸ்ருன்னிசா கதவைப் படாரென்று சாத்தினாள்.